மினி ஃபுட் ப்ராசஸர்: யாருக்குக் கைகொடுக்கும், யாருக்கு வேண்டாம்?

மினி ஃபுட் ப்ராசஸர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் எத்தனை வாட், கிண்ணம் எவ்வளவு பெரியது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். உங்கள் சமையலில் காய்கறி துண்டு துண்டாக வேண்டுமா, பொடிப்பொடியாகக் கொத்தியிருந்தால் போதுமா? இந்தக் கருவி கொத்துவதற்கானது. ஒரே அளவில் சதுரமாகவோ வட்டமாகவோ நீளவாக்கிலோ நறுக்கித் தராது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர்கள் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தெரியாமல் வாங்குபவர்கள் சில வாரங்களில் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுகிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது ஏறக்குறைய இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

மினி என்று விற்கப்படுபவற்றின் கிண்ணம் பெரும்பாலும் 350 மில்லியிலிருந்து 900 மில்லி வரை கொள்ளும். மோட்டார் 200 முதல் 400 வாட் வரை இருக்கும். பெரிய ப்ராசஸர் ஒன்றரை லிட்டரில் தொடங்கி 3 லிட்டரைத் தாண்டியும் போகும். அதன் மூடியில் காயைச் செருகும் குழாய் இருக்கும், சீவவும் துருவவும் தனித்தனித் தட்டுகள் வரும், சிலவற்றில் மாவு பிசையும் பிளேடும் உண்டு. மினியில் பொதுவாக ஒரு கிண்ணம், ஒரு பிளேடு, ஒரு மூடி, ஒன்றிரண்டு பொத்தான், அவ்வளவுதான்.

சின்னதாக ஒன்று எதற்குத் தேவைப்பட்டது என்பதற்குப் பெரிய கருவியின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. பிரான்சில் பியர் வெர்டன் உருவாக்கிய ரோபோ-கூப் உணவகங்களுக்கான கருவி. 1970களின் தொடக்கத்தில்தான் அது மாஜிமிக்ஸ் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தது. அதே வகைக் கருவியை 1973இல் சிகாகோவில் நடந்த வீட்டுப் பொருள் கண்காட்சியில் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் சான்ட்ஹைமர் குய்சினார்ட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். ஆக, கிலோ கணக்கில் வேலை நடக்கும் சமையலறைக்காக யோசிக்கப்பட்ட வடிவம் அது. அதில் நாலு பல் பூண்டைப் போட்டு ஓட்டினால், முதல் சுற்றிலேயே பூண்டு தெறித்துக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிளேடு வெறுமனே சுற்றும். மூடியைத் திறந்து, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினாலும் அதே கதைதான். குறுகிய கிண்ணத்தில் பிளேடின் நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி குறைவு. தெறித்தது மறுபடி பிளேடின் வழிக்கே வந்து விழும். பெரியது வைத்திருக்கும் சிலர் சின்னது ஒன்றையும் வாங்குவது இதனால்தான்.

மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு?

பலருக்கும் எழும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. இரண்டிலும் மோட்டார், இரண்டிலும் சுற்றும் பிளேடு. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. மிக்ஸியின் பிளேடு சிறியது, ஜாரின் அடியில் கிடக்கும், பல மிக்ஸிகளில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும். உள்ளே இருப்பது சுழலாக மேலே எழுந்து மறுபடி பிளேடின்மேல் விழுந்தால்தான் அரைபடும். அதற்குப் பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். ப்ராசஸரின் கிண்ணம் தட்டையான அடியுள்ளது. பிளேடின் இரண்டு இறக்கைகள் வேறு வேறு உயரத்தில் நின்று, ஏறக்குறைய கிண்ணத்தின் அகலம் முழுவதையும் துழாவும். வேகமும் குறைவு. அதனால் தண்ணீர் விடாமலே கொத்த முடிகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் நம் கையில் இருக்கிறது.

மிக்ஸியின் சிறிய ஜாரில் வெங்காயத்தைப் போட்டு ஒரு நொடி விட்டு எடுத்தால் அடியில் கூழும் மேலே முழுத் துண்டுகளும் இருக்கும். இன்னொரு நொடி விட்டால் எல்லாமே கூழாகிவிடும். ஆனால் மைய அரைத்த விழுது, காய்ந்த மிளகு போன்றவற்றின் பொடி, பழக்கூழ் என்று வந்தால் மிக்ஸிக்கு நிகராக மினி ப்ராசஸர் நிற்கவே முடியாது. எத்தனை நேரம் ஓட்டினாலும் அதில் விழுது கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் இருக்கும். உங்கள் சமையலில் பெரும்பகுதி மைய அரைப்பதாக இருந்தால், இருக்கும் மிக்ஸியே போதும்.

வெங்காயத்தில் என்ன நடக்கிறது

மினி ப்ராசஸரைப் பற்றிய குறைகளில் பாதி வெங்காயத்தைப் பற்றியவை. தண்ணீர் விட்டுக்கொள்கிறது, காரமடிக்கிறது, வதக்கினால் சிவக்காமல் வேகிறது என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். வெங்காயத்தின் செல்கள் உடையும்போது, அதுவரை தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் ஒன்று சேர்கின்றன. கண்ணைக் கரிக்கும் ஆவியும், நாக்கில் உறைக்கும் காரமும் அந்தச் சேர்க்கையில் பிறப்பவை. கூர்மையான கத்தி தான் போகும் வழியிலுள்ள செல்களை மட்டுமே வெட்டும். சுற்றும் பிளேடு வெட்டுவதோடு மோதி நசுக்கவும் செய்யும். நசுங்கிய செல்லிலிருந்து நீர் வெளியேறும். அந்த நீர் வற்றும்வரை வாணலியில் வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது.

முழுக்கத் தவிர்க்க முடியாவிட்டாலும் இதை வெகுவாகக் குறைக்கலாம். நடுத்தர வெங்காயத்தை நான்காகவோ எட்டாகவோ வெட்டிப் போட வேண்டும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் ஒரு நொடி விட்டு ஒரு நொடியாகத் தட்ட வேண்டும். விடும் அந்த இடைவெளியில்தான் மேலே போன துண்டுகள் கீழே வந்து விழுகின்றன. இடையில் ஒருமுறை வழித்துவிட்டு, இன்னும் இரண்டு தட்டு தட்டினால் போதும். பச்சையாகத் தூவ வேண்டிய வெங்காயத்துக்கு இது சரிப்படாது. அதற்குக் கத்திதான். நன்றாக வதங்கிக் குழம்போடு குழம்பாகக் கரைய வேண்டிய வெங்காயம் என்றால் மினி தாராளமாகப் போதும்.

புதினா, கொத்தமல்லி போன்ற இலைகளுக்கும் இதே நியாயம்தான். ஈரத்தோடு போட்டால் நசுங்கிக் கருத்துவிடும். கழுவி, துணியில் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு போட்டால் ஓரளவு உதிரியாக வரும். அப்போதும் அலங்கரிக்கத் தூவும் அளவுக்கு அழகாக இருக்காது, கலந்து சமைக்க நன்றாக இருக்கும்.

இது மிக நன்றாகச் செய்யும் வேலைகள்

இஞ்சியும் பூண்டும் முதலிடம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் கொத்தி, சின்னச் சின்ன வில்லைகளாக ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொள்ளலாம். இஞ்சியை முதலில் குறுக்கே மெல்லிய வில்லையாக அரிந்துகொண்டால் நார் நீளநீளமாகச் சுற்றிக்கொள்ளாது. கொத்திய பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அறை வெப்பத்தில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத அந்தச் சூழலில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். அதனால் ஃப்ரீசரே நல்லது.

பாதாம், வேர்க்கடலை போன்றவற்றைக் கரடுமுரடாக உடைக்கவும், காய்ந்த ரொட்டியைத் தூளாக்கவும் இதைவிட எளிதான கருவி கிடையாது. கத்தியால் உடைத்தால் கொட்டைகள் மேசை முழுக்கத் தெறிக்கும். வெந்த கொண்டைக்கடலையையோ பீன்ஸையோ மசிப்பது, முட்டையின் ஒரே ஒரு மஞ்சள் கருவோடு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மயோனைஸ் செய்வது போன்ற வேலைகளுக்கும் சின்னக் கிண்ணம்தான் சரி. பெரிய கிண்ணத்தில் ஒரு மஞ்சள் கரு பிளேடில் படாமல் அடியிலேயே கிடக்கும். எண்ணெய் விடுவதற்கென்று மூடியில் சிறு துளை உள்ள மாடல்கள் இருக்கின்றன. இந்த வேலை உங்களுக்கு அடிக்கடி வருமென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

எலும்பில்லாத இறைச்சியையும் கொத்தலாம். விரல் கணு அளவுக்குத் துண்டாக்கி, ஃப்ரீசரில் 15-20 நிமிடம் விறைக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். விறைப்பு இல்லாவிட்டால் கொழுப்பு இழுபட்டுப் பசைபோல் ஆகிவிடும், சவ்வு பிளேடைச் சுற்றிக்கொள்ளும்.

அப்புறம், மெல்லச் சிரமப்படும் முதியவருக்கோ திட உணவு பழகும் குழந்தைக்கோ அவர்கள் பங்கை மட்டும் தனியாக மசித்துக் கொடுக்க வேண்டிய வீடுகளில் இதன் அருமை தினமும் தெரியும். எல்லோருக்கும் சமைத்த அதே சாப்பாட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து, வேண்டிய பதத்துக்கு மசிக்க இந்த அளவுதான் சௌகரியம். மூட்டு வலியால் கத்தியை அழுத்திப் பிடிக்க முடியாதவர்களுக்கும் அப்படித்தான். வேறு எந்தக் கணக்கும் பார்க்காமல் அவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஒன்று, மூடியைத் திருகிப் பூட்டும் மாடலைவிட, மோட்டாரை மேலே வைத்து லேசாக அழுத்தினால் ஓடும் மாடல் வலியுள்ள கைக்கு எளிது. கடையில் கையால் ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

செய்யாதவை: சீவாது, துருவாது, மாவு பிசையாது. சூடான குழம்பை ஊற்றக் கூடாது. பிளேடு நிற்கும் நடுத்தண்டு திறந்திருக்கும் மாடல்களில் திரவம் அதிகமானால் அந்த வழியாகவே ஒழுகும். வெந்த உருளைக்கிழங்கைப் போட்டால் அதன் மாவுச்சத்து வெளிவந்து கோந்துபோல் ஆகிவிடும். முழு மசாலாப் பொருள்களைப் போட்டால் அவை பொடியாவதற்கு முன் கிண்ணம் கீறல் விழுந்து மங்கிவிடும்.

கத்தியோடு ஒப்பிட்டால்

நியாயமாகக் கணக்கிட வேண்டுமென்றால், தட்டும் நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கருவியை அலமாரியிலிருந்து எடுப்பது, பொருத்துவது, வழித்தெடுப்பது, கிண்ணம், மூடி, பிளேடு மூன்றையும் கழுவிக் காயவைப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் அதன் நேரம். ஒரு வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் என்றால், கத்தி பழகிய கை அதற்குள் வேலையை முடித்து பலகையையும் கழுவி வைத்துவிடும். மூன்று நான்கு வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு, கூடவே இஞ்சி என்று போகும்போது கருவி முந்திவிடும். இந்த அளவு வேலை உங்கள் வீட்டில் வாரத்தில் பெரும்பாலான நாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மினிக்கு ஆகும் செலவில் ஒரு நல்ல கத்தியும் தீட்டுகல்லும் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மழுங்கிய கத்தியோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு நானும் முதலில் அதைத்தான் சொல்வேன். நறுக்குவது அலுப்பாக இருப்பதற்கு எத்தனையோ வீடுகளில் காரணம் கத்தியின் மழுக்கம்தான். கத்தியைத் தீட்டிய பிறகும் அலுப்பு தீரவில்லை என்றால் அப்போது கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

மற்ற மாற்றுகள்

கயிறு இழுக்கும் சாப்பரைப் பலரும் விளையாட்டுப் பொருள்போல் பார்க்கிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மின்சாரம் வேண்டாம், சத்தம் குறைவு, கைக்கு அடக்கம். எத்தனை முறை இழுக்கிறோமோ அத்தனை பொடி என்பதால் வெங்காயம் கூழாகும் ஆபத்தும் குறைவு. ஒன்றிரண்டு பேருக்குச் சமைப்பவர், வெங்காயம், தக்காளி, பூண்டு மட்டும் கொத்தினால் போதும் என்பவர், இதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கடினமான காரட்டோ கொட்டைகளோ போட்டால் தோளும் கயிறும் இரண்டும் களைத்துவிடும். இறைச்சிக்கு ஆகவே ஆகாது. முதலில் தேய்வது உள்ளே கயிற்றைச் சுருட்டும் ஸ்பிரிங்தான், அது போனால் பழுதுபார்ப்பது கடினம். கையடக்கமாக சார்ஜ் போட்டு ஓட்டும் 250 மில்லி சாப்பர்களும் வருகின்றன. பூண்டுக்கும் பச்சை மிளகாய்க்கும் அவை போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பேட்டரி வலு இழந்தால் பெரும்பாலும் முழுக் கருவியையும் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும்.

சாப்பர் கிண்ணத்தோடு வரும் ஹேண்ட் பிளெண்டர் எனக்கு மிகவும் பிடித்த மாற்று. ஒரே மோட்டார் தண்டில் பிளெண்டர் காலைப் பொருத்தினால் பாத்திரத்திலேயே சூப்பை மசிக்கலாம், சாப்பர் கிண்ணத்தைப் பொருத்தினால் கொத்தலாம், பல செட்டுகளில் முட்டை அடிக்கும் கம்பியும் உண்டு. பிடிக்கும் இடமும் குறைவு. மிக்ஸியும் இல்லை, ப்ராசஸரும் இல்லை என்ற நிலையில் சமையலறையைப் புதிதாக அமைப்பவர் மினியைவிட இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். இதிலுள்ள பலவீனமான இடம் கிண்ணத்தின் மூடி. மோட்டாரின் சுழற்சி அதிலுள்ள இணைப்பு வழியாகத்தான் பிளேடுக்குப் போகிறது. பல மாடல்களில் இந்த மூடியை நீரில் முக்கிக் கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க மட்டுமே செய்யலாம். இறைச்சியை அடிக்கடி கொத்துபவருக்கு இது சங்கடமான விஷயம். அவர்களுக்கு, மூடியும் கிண்ணமும் முழுதாகக் கழுவக்கூடிய தனி மினிதான் மேல்.

பெரிய ப்ராசஸர் வேண்டியது, ஒரு நேரத்துக்குக் கிலோ கணக்கில் காய் சீவுபவர்கள், துருவுபவர்கள், மாவு பிசைபவர்கள் ஆகியோருக்கு. மேசையில் நிரந்தரமாக அதற்கு இடம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பல கிலோ எடையுள்ள கருவியை ஒவ்வொரு முறையும் மேல்தட்டிலிருந்து இறக்க யாருக்கும் மனம் வராது. பெரிய கிண்ணத்துக்குள்ளேயே பொருந்தும் சிறு கிண்ணத்தோடு வரும் மாடல்கள் உண்டு. அப்படி ஒன்று கையில் இருந்தால் தனியாக மினி வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதென்று முடிவானால்

500 முதல் 800 மில்லி வரையிலான கிண்ணம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் இரண்டு வெங்காயத்துக்கே இரண்டு தடவை ஓட்ட வேண்டிவரும். மொத்தக் கொள்ளளவைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையில் நிரப்பக்கூடியது அதைவிடக் குறைவு என்பதால் கிண்ணத்தின் பக்கத்திலுள்ள அளவுக் கோட்டைப் பாருங்கள்.

வாட் எண்ணைவிட முக்கியமானது, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது. கையேட்டில் இருக்கும், சில கருவிகளின் அடியிலுள்ள லேபிளிலேயும் போட்டிருக்கும். மினிக்களில் பல அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடிவிட்டு ஓய்வெடுக்க வேண்டியவை. வேர்க்கடலையை வெண்ணெய்போல் ஆகும்வரை அரைக்க வேண்டும் என்றால் பல நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். அந்த ஆசையில் மினி வாங்குபவர்களின் மோட்டார்தான் சூடேறி வாடை அடிக்கிறது.

கிண்ணம் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதில் எனக்குக் கண்ணாடி பக்கம்தான் சாய்வு. காரட், தக்காளி கறை ஏறாது, பூண்டு வாடை நிற்காது, கீறல் விழாது. கனம்தான் அதன் குறை. கை வலி உள்ளவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக். மூடியின் ரப்பர் வளையம் கழற்றிக் கழுவும்படி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதன் அடியில்தான் அழுக்கு தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பிளேடை வாங்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, வைத்திருக்கும் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் குய்சினார்ட் ப்ராசஸர்களில் சுமார் 80 லட்சம் பிளேடுகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு அமெரிக்காவில் வந்தது. ரிவெட் (ஆணிபோன்ற உலோக இணைப்பு) அடித்த பிளேடுகளில் விரிசல் விட்டு, சிறு உலோகத் துண்டுகள் உணவில் விழுந்ததுதான் காரணம். அவை பெரிய கருவிகள். ஆனாலும் எந்த அளவுக் கருவியானாலும், கழுவும்போது பிளேடும் நடுத்தண்டும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. விரிசலோ ஆட்டமோ தெரிந்தால் அந்த பிளேடைத் திரும்பப் போடாதீர்கள். தனி பிளேடும் கிண்ணமும் உதிரியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், உடைந்த ஒரு மூடிக்காக நல்ல மோட்டாரை எறிய வேண்டியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிளேடைத் தொட வேண்டும். கொட்டும்போது பிளேடை முதலில் எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணத்தைச் சாய்க்க வேண்டும். சோப்பு நுரை நிறைந்த தொட்டிக்குள் அதைப் போட்டு வைக்கவே கூடாது. நுரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பிளேடில்தான் விரல் அறுபடுகிறது.

இன்னமும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஒரு வாரம் சமைக்கும்போது ஒரு தாளில் குறித்து வாருங்கள்: இன்று கொத்தியது எவ்வளவு, சீவியது எவ்வளவு, மைய அரைத்தது எவ்வளவு. கொத்தல் பக்கம் நீண்டிருந்தால் மினி வாங்குங்கள், அதுவும் அலமாரிக்குள் போகாமல் மேசைமேல் வைக்க இடம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள். சீவலும் துருவலும் நீண்டிருந்தால் பெரியது, அல்லது ஒரு நல்ல துருவி. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் என்றால் ஹேண்ட் பிளெண்டர் செட்.